தணிகைவேல் வீட்டில்தான் இருக்கிறார்

செங்கற்பட்டு
11-2-1974

அன்புள்ள தங்கை ஆதியம்மாளுக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று இன்று உட்கார்ந்துவிட்டேன். மீன் கூடையோடு வரும் செங்கம்மாள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

கார்த்திகையில் என்னை ஆலம்பரைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். சுட்டுப் போட்டிருந்தவனின் சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையை வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்கத் தேவையே இல்லை. முகம் தெரிந்தது. உன் புருஷன்.

நாற்பத்திரண்டில் ஜப்பான் பட்டாளம் இந்தக் கரையில் இறங்கியது, இன்னும் போகவில்லை. அவர்கள் பாஷையைப் படித்து, அவர்களுக்கு மொழிபெயர்த்து நான் பிழைக்கிறேன். அதற்கு உன் குப்பத்தில் எனக்கு என்ன பெயர் என்பதும் தெரியும். அப்பா மருமகனுக்குப் படகைக் கொடுத்தார், எனக்குப் புத்தகத்தைக் கொடுத்தார். அதையும் நான் மறக்கவில்லை.

கலகம் ஜெயிக்காது என்று தணிகைவேலிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "ஜெயிக்க வேணாம் மச்சான். அவன் தூங்கக் கூடாது, அது போதும்" என்று சிரித்தான்.

செத்தவனுக்கு நீங்கள் அழவில்லை. மேளம் இல்லை, காரியம் இல்லை. நீ பூ வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாயாம். யாரை ஏமாற்றுகிறாய்? என் வீட்டுக்கு வா. ஒரு தடவை வாய்விட்டு அழு.

உன் அண்ணன்,
தேசப்பன்


கொக்கிலமேடு
17-2-1974

அண்ணாத்தைக்கு ஆதி எழுதுறது.

நாங்க நல்லா கீறோம். உன் இருமல் எப்படி கீது?

இன்னா அண்ணாத்த, அழு அழுன்னு எழுதிகீற? எதுக்கு அழணும்? அவரு வூட்லதான் கீறாரு. நேத்துகூட கொழம்புல உப்பு இல்லன்னு கத்தினாரு. போன வாரம் கோவளத்துல வலை இழுத்துகினு இருந்தாராம். உங்க பட்டாளத்துக்காரன் பாத்துட்டு தொப்பிய உட்டுட்டு ஓடினானாமே? நீ படிச்சவன், நீயே சொல்லு. செத்தவன் வலை இழுப்பானா?

எங்க குப்பத்துல இப்ப யாரும் சாவுறதில்ல. சோறு போட்டு வச்சா ஆளு வந்து குந்துறாரு, துன்னுட்டுப் போறாரு. மூஞ்சிய மட்டும் நான் பாக்கறதில்ல.

ஒனக்கு அழ ஆசையா இருந்தா நீ அழு.

ஆதி


செங்கற்பட்டு
4-3-1974

தணிகைவேலுக்கு,

செங்கம்மாளை பஸ்ஸிலிருந்து இறக்கி, கூடையைக் கொட்டிப் பார்த்தார்கள். இனி அவள் வழியாக எதுவும் வேண்டாம். தபாலை உடைத்துப் படிக்கும் குமாஸ்தா அருணகிரி, சுடப்பட்டவன் பெயருக்கு வரும் உறையைப் பயந்து பிரிக்கமாட்டான். திருநீறு பூசிக்கொண்டு அப்படியே பையில் தள்ளிவிடுவான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கடப்பாக்கத்தில் உன்னைச் சுட்டதாகப் போன மாதம் தகவல் வந்தது. பிறகு கோவளத்தில் சுட்டதாக வந்தது. முகங்கள் வேறு. எல்லார் அட்டையிலும் உன் பெயர். கோட்டையில் காவல் நிற்கச் சிப்பாய்கள் மறுக்கிறார்கள்.

பட்டாளத்துக் கர்னல் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் செத்தவர்களுக்குக் காரியம் செய்துகொள்ளலாம், யாரையும் பிடிக்க மாட்டோம் என்று அறிவிக்கப்போகிறான். ஒலிபெருக்கியில் பெயர்களை வாசிப்பார்கள். எந்தப் பெண் அழுகிறாள் என்று பார்ப்பார்கள். நீ செத்தது ஒரு பெண்ணின் அழுகையில் உறுதியாகிவிட்டால் சிப்பாய்களுக்குப் பயம் போய்விடும். அப்புறம் குப்பம் இருக்காது.

வாசிக்கப்போகிற குரல் உன் வீட்டுக்காரி பிறந்ததிலிருந்து கேட்ட குரல். அவளை அழச் சொன்னதும் அதே குரல்தான். இப்போது சொல்கிறேன்: அழக் கூடாது. குரல் உடைந்தாலும் அவள் உடையக் கூடாது. உன் பெயர் வரும்போது கூட்டத்திலிருந்து யாராவது ஒருவன் "இன்னா?" என்று கேட்கட்டும். வேலையைக் கெடுத்துவிட்டார்கள் என்கிற மாதிரி, சலிப்பாக. அது போதும்.

உன் மேல் உள்ள கோபம் எனக்குத் தீரவில்லை. படகு எனக்கு வந்திருக்க வேண்டியது. கலகம் ஜெயிக்காது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் கர்னல் தூங்குவதில்லை.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். என் பெயரில் ஒருவன்தான் இருக்கிறான். அவனை ஒரு தடவை சுட்டால் முடிந்துவிடும். வேண்டாம். இப்படியே தபாலில் போடுகிறேன்.