கோரைக்கு அடித்த மருந்து

5.12.96 வியாழன்
காலையில் தூறல். மில் ஹாக்கி கிரவுண்டில் மேற்கு கோல் போஸ்ட் பக்கம் பூரா கோரைப்புல். நேத்து வெட்டினது இன்னைக்கு விரக்கடை உயரம். நாசமாப் போற சனியன். கொத்திக் கொத்தி உள்ளங்கை பிஞ்சிட்டு. சாயங்காலம் ஹாக்கி பந்து கோரைக் குத்தில் தட்டி எகிறி, ஒருத்தனுக்கு உதடு கிழிஞ்சு ரத்தம். மேனேஜர்: "பொங்கல் போட்டிக்குள்ள கோரை போகலைன்னா நீ போயிருவ."

6.12
களைக்கொல்லி வாங்கியாச்சு. கோரை சாகுமாம், அருகம்புல் சாகாதாம். ஸ்பிரேயர் மச்சான்கிட்ட (பொண்டாட்டி செல்வியோட அண்ணன்) இரவல். "கொண்டு போங்க மாப்ள. ஞாயித்துக்கிழமை தந்துருங்க, பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கணும்."
அடிச்சேன். சாவு மூதி, சாவு. ஒவ்வொரு குத்தையும் வஞ்சு வஞ்சு அடிச்சேன். நல்லா இருந்துச்சு.

8.12
ரெண்டு தடவை தண்ணி ஊத்திக் குலுக்கிக் கொட்டிட்டு ஸ்பிரேயரைக் கொடுத்தாச்சு. செல்விக்குப் போளி.

16.12 திங்கள்
கோரை சுருண்டு கருகிட்டு. அருகு பச்சைப்பசேல். மேனேஜரே சிரிச்சாரு!
வீட்டுக்கு வந்தா செல்வி அழுதுக்கிட்டு இருக்கா. "அண்ணன் பருத்தி மூணு ஏக்கரும் போச்சு. இலையெல்லாம் விரல் விரலாச் சுருண்டு நிக்குதாம். பக்கத்துப் புஞ்சை சங்கரன்தான் என்னத்தையோ தூவிட்டான்னு குதிக்காவ." அவிய ரெண்டு பேருக்கும் பழைய வரப்புத் தகராறு.

17.12
மருந்துக்கடையில் சும்மா கேக்கிற மாதிரி கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி: "களைக்கொல்லி அடிச்ச ஸ்பிரேயர் டின்லயே பருத்திக்கு அடிச்சிருப்பான். வெறுந்தண்ணியில கழுவினாப் போகாது வே. தனி டின் வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிடுதோம்."
நான்தான். மூணு ஏக்கரும் நான்தான்.
மச்சான்கிட்ட சொல்லிரணும். நாளைக்கு. வெட்டிப் போட்டாலும் போடட்டும்.

18.12
போகலை. கிரவுண்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். நாளைக்குக் கண்டிப்பா.

19.12
காலை எட்டு மணிக்கு மச்சான் சங்கரனை வரப்பில் வச்சு வெட்டிட்டாவ. அவன் கையால தடுத்திருக்கான். வலது கையில் மூணு விரல் கரிசல் மண்ணுல கிடந்துச்சாம். "நான் ஒண்ணும் தூவலய்யா, எம்புள்ள மேல சத்தியம்"னு ஓட ஓடக் கத்தினானாம். இப்ப ஆஸ்பத்திரியில் கிடக்கான்.
செல்வி தலையில் அடிச்சுக்கிட்டு: "அந்தப் பாவி எங்கண்ணனை ஜெயிலுக்கு அனுப்பிட்டானே."
அவளுக்குத் தண்ணி மோந்து கொடுத்தேன். த்தூ, நானும் ஒரு ஆம்பள.

20.12
ஸ்டேஷன். கம்பிக்கு அந்தப் பக்கம் மச்சான். அடிச்சிருக்காங்க, கண்ணு வீங்கி மூடியிருக்கு. சொல்லத்தான் போனேன். சத்தியமாச் சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள அவியளே பேசிட்டாவ.
"மாப்ள, பருத்திதான் போச்சே. அந்த ஸ்பிரேயரை நீங்களே வச்சுக்கிடுங்க. உங்க கிரவுண்டுக்கு ஆகும்."
சரி மச்சான்னேன்.