தொதல் பெட்டியோடு வந்தவர்கள்

திருகோணமலை,
வியாழன், அஸர் தொழுத பிறகு.

அன்பு மகன் முனாஸுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் தங்கச்சி றிஷானாவும் சுகம், அந்த ஓமான் வெயிலில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, ஆனால் துறைமுகத்தில் பெயின்ற் வேலைக்கு ஏணியில் ஏறவேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர். போனில் கதைக்காமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் "விடுங்கோ உம்மா, உங்களுக்கு எல்லாரிலயும் சந்தேகம்" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். இதைச் சிரித்துவிட்டு வைக்க ஏலாது. எழுதி முடித்ததும் றிஷானா படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள், கடைசி வரைக்கும் வாசி, நடுவில் வேலைக்கு ஓடாதே.

நான் சந்தேகக்காரிதான், மறுக்கவில்லை. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் மற்றப் பக்கம் பிரட்டிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. கரண்ட் பில் எழுத வந்த பொடியனிடமே அடையாள அட்டை கேட்டவள், அதனால்தான் வாப்பா என்னை சீ.ஐ.டி. என்று கூப்பிடுகிறார். அப்படிப்பட்ட நான்தான், மகன், போன வெள்ளிக்கிழமை வாசல் கதவை அகலத் திறந்துவிட்டேன். ஜும்ஆ முடிந்து வாப்பா சாப்பிட்டுப் படுத்த நேரம், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மடிப்புக் கலையாத சேட்டோடு ஒரு ஆள், கூட நல்ல அபாயா உடுத்த ஒரு பெண், அவள் கையில் ஒரு பெட்டி தொதல். தன் பெயர் ஜவ்பர் என்றார். "உங்கட மகன் முனாஸப் பத்திக் கேள்விப்பட்டம், வீட்டையும் ஒருக்கா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்டு எப்படி வருவார்கள் என்று உனக்குத் தெரியும்தானே, ஆணும் பெண்ணுமாக வருவார்கள், கையில் இனிப்பு இருக்கும், முதல் நாளில் வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நாமும் கேட்பதில்லை, கேட்டால் நமக்குத்தான் குறைச்சல். உனக்கு முப்பத்தொன்று ஆகிறது, இரண்டு வருடமாக ஒருவரும் நம் வாசலுக்கு வரவில்லை. மனம் ஆசைப்பட்டுவிட்டது மகன், அவ்வளவுதான்.

கதிரையைத் துடைத்துப் போட்டேன், குசினிக்கு ஓடி வட்டிலப்பத்தை வெட்டினேன். அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். எத்தனை வயது, என்னென்ன வெல்டிங் படித்தவர், இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, யாருக்குக் கீழே வேலை. மாப்பிள்ளையின் நடத்தையை நாலு இடத்தில் விசாரிப்பது முறைதானே என்று உன் போர்மன் கதிரவேலின் நம்பரை நானே தேடிக் கொடுத்தேன். இந்த மாதத்தோடு பழைய ஏஜென்சியின் ஒப்பந்தம் முடிகிறது, அடுத்த மாதம் கதிரவேல் உன்னை அந்த வெல்டிங் யார்டின் சொந்த ஆளாகவே எடுக்கப்போகிறார் என்று பெருமையாக வேறு சொன்னேன். உன்னைப்போல நல்ல பழக்கமான வெல்டர் பொடியன்கள் இன்னும் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார், பெண்ணுக்குத் தங்கைமார் இருப்பார்கள்போல என்று நினைத்து உன்னோடு அறையில் இருக்கிற மூன்று பேரின் பெயரையும் சொல்லிவிட்டேன். பிறகு உன் படமும் சேர்ட்டிபிக்கட் கொப்பிகளும் கேட்டார்கள், அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் என் சந்தேகப் புத்தி விழித்தது, விழிக்கிற நேரத்தைப் பார். எழுத்தில் இல்லாமல் கொப்பி தரமாட்டேன் என்றேன். அந்த ஜவ்பர் முகம் கோணவில்லை, "நல்லது ராத்தா, அப்பிடித்தான் இருக்க வேணும்" என்று பையில் இருந்து அச்சடித்த தாள் இரண்டை எடுத்தார். இங்கிலீசில் இருந்தது. கொப்பி வாங்கியதற்கான துண்டு என்று நினைத்து இரண்டிலும் கையெழுத்து வைத்து, ஒன்றை நான் பத்திரமாக வாங்கிவைத்துக்கொண்டேன். வாப்பா எழும்பி வந்தபோது கார் போய்விட்டது.

திங்கட்கிழமை அன்புவழிபுரத்தில் இருந்து கதிரவேலின் மனைவி பத்மாசனி வந்தா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அக்கா, உங்கட மகன் ஏன் எங்கட அவற்ற நம்பரை ஏஜென்சிக்குக் குடுத்தவர்?" என்று கேட்டா. எனக்கு விளங்கவில்லை. அந்த ஜவ்பர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற வேறொரு ஏஜென்சிக்காரனாம், கதிரவேலுக்கு நாளுக்கு நாலைந்து தரம் எடுக்கிறானாம், ஒவ்வொரு தரமும் வேறு நம்பரில். முனாஸ் இப்போது எங்கள் ஆள், அவரை எடுப்பதென்றால் எங்கள் மூலமாகத்தான் எடுக்கவேண்டும், கூட இன்னும் மூன்று பேர் தருகிறோம் என்று நச்சரிக்கிறானாம். ஏஜென்சி பிடித்துவைத்திருக்கிற ஆளை யார்ட் நேரே எடுக்காதாம். தன்னிடம் நேரே கேட்டுவிட்டுப் பின்பக்கத்தால் ஏஜென்சிக்கும் போயிருக்கிறான் என்று கதிரவேலுக்கு உன்மேல் மனக்கசப்பு. போர்மன் முகம் கொடுத்துக் கதைக்கிறார் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாயே, காரணம் இதுதான். காரணம் நான்தான்.

அந்தத் தாளை றிஷானா வாசித்தாள், வாசிக்க வாசிக்க அவள் சத்தம் குறைந்துகொண்டே போனது. ஒரு வருடத்துக்கு நீ அவர்கள் மூலமாக மட்டும்தான் வேலை எடுக்கவேண்டுமாம். யார்டில் நேரே சேர்ந்தாலும் உன் சம்பளத்தில் மாதா மாதம் அவர்களுக்குப் பங்காம். நீ விலகுவதென்றால் இரண்டு மாதம் முன்னால் சொல்லவேண்டும், அவர்கள் உன்னை விலக்குவதென்றால் ஒரு நாளும் வேண்டியதில்லையாம். அடியில் குடும்பப் பிரதிநிதி என்று போட்டு என் கையெழுத்து. உடனே சட்டத் தாள் எழுதுகிற நொத்தாரிசு கந்தோரில் வேலை செய்கிற தயாளினியிடம், றிஷானாவோடு படித்த பிள்ளை, கொண்டுபோய்க் காட்டினோம். வளர்ந்த மகனுக்காக உம்மா வைத்த கையெழுத்து அவனைக் கட்டாது என்றாள். ஆனால் அவர்கள் உன் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவார்கள், அதில் சம்மதம் என்று நீ அழுத்தினால் அது உன்னைக் கட்டும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை வாப்பாவும் நானும் ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற அவனுடைய கந்தோருக்குப் போனோம். மேசைமேல் ஃபைல் ஃபைலாகப் பொடியன்களின் படங்கள், எந்தெந்த உம்மாமார் எடுத்துக் கொடுத்ததோ தெரியாது. அன்றைக்கு வந்த பெண் அங்கே மெஷினில் தட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கத்தினேன். ஜவ்பர் கத்தவில்லை. "நாங்க கலியாணம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னமா ராத்தா?" என்று கேட்டான். சொல்லவில்லைதான். ஆனால் பெண்ணைக் கூட்டி வந்ததும் தொதல் வாங்கி வந்ததும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வந்ததும் தெரியாமல் செய்ததா, நம் முறையைத் தெரிந்துகொண்டே வந்திருக்கிறான். அவனிடம் இருக்கிற மற்றத் தாளைக் கேட்டோம், தரவில்லை. கிழித்துப்போடுகிறேன் என்றான், அதையும் நான் நம்பவில்லை.

நேற்று பத்மாசனி வீட்டுக்குப் போய், அவவின் போனிலேயே கதிரவேலோடு கதைத்தேன். என் மகனுக்கு ஒன்றும் தெரியாது, மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள் என்று நினைத்து நான்தான் எல்லாவற்றையும் கொடுத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது வெட்கத்தில் என் காது சுட்டது. அவர் கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு, "சனிக்கிழமைக்கு முதல் முனாஸ் என்னட்ட நேர வந்து, எந்த ஏஜென்சிக்கும் தான் சம்மதிக்கேல்ல எண்டு சொல்லட்டும் அக்கா, போனைக் காட்டட்டும், நான் பேரைப் போடுறன்" என்றார். ஆகவே இன்றைக்கே அவரிடம் போ. வெட்கப்படாதே, என் உம்மா புத்திகெட்ட வேலை செய்துவிட்டா என்று சொல், அந்த யார்ட் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, உன் பெயர் கெடக்கூடாது. அறையில் இருக்கிற மற்ற மூன்று பேருக்கும் சொல், அவர்களுக்கும் மெசேஜ் வரும்.

இனி நான் கேட்கப் பயப்படுகிற ஒன்று. நேற்றிரவு எடுத்தபோது, ஏஜென்சியிலிருந்து ஏதும் வந்ததா என்று கேட்டேன். "எல்லாம் சரி உம்மா, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாப்பாவின் முழங்காலை விசாரித்தாய். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை, மகன். உன் உம்மா சம்மதித்துவிட்டா, கையெழுத்தும் வைத்துவிட்டா என்று அவர்கள் அந்தத் தாளைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருப்பார்கள். உம்மாவின் கையெழுத்தைக் கண்டால் நீ வாசித்துப் பார்க்கமாட்டாய், அது எனக்குத் தெரியும். அழுத்திவிட்டாயா? அழுத்தியிருந்தால் மறைக்காதே, அதையும் கதிரவேலிடம் சொல், எனக்கும் சொல். கோபிக்கமாட்டேன். உன் விரல் அழுத்தியிருந்தாலும் அதை அழுத்த வைத்தது நான்.

அல்லாஹ் உன் ரிஸ்கிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக, கெட்ட கண்ணிலும் கெட்ட தாளிலும் இருந்து உன்னைக் காப்பானாக. வேளைக்குச் சாப்பிடு. பதிலில் சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு இருக்கட்டும், அழுத்தினாயா இல்லையா என்பதை மட்டும் முதல் வரியில் எழுது, அதுவரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன் உம்மா
நஜ்முன் நிஸா