வைக்கோலுக்குள் வீபெகே

ஜூன் 9

வீபெகேயைக் கொன்றது ஹோல்கர்.

அவருடைய மீன் தொழிற்சாலையில், குளிர் அறையை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி ஜனவரியிலேயே உடைந்துவிட்டது. அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் ஒருநாள் பள்ளி முடிந்து வேலைக்குப் போன வீபெகே மறுநாள் காலையில் உள்ளே விறைத்துக் கிடந்தாள். பதினாறு வயது. என் ஒரே சிநேகிதி.

"குடிச்சிட்டு உள்ள போய்ப் படுத்துட்டா" என்றார் ஹோல்கர். பீர் வாசனைக்கே குமட்டும் அவளுக்கு.

நான் தொழிற்சாலைச் சுவரில் சிவப்புப் பெயின்டால் 'கொலைகாரன்' என்று எழுதினேன். ஆகவே இந்த ஊரின் பிரச்சினை நான்.

ஜூன் 12

நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஹோல்கரிடம் மன்னிப்புக் கேட்டால் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் இளையோர் இல்லம்.

அம்மா அவரிடம்தான் மீன் வெட்டுகிறாள். "ஒரு வார்த்தைதானடி ஸ்டினே. சொன்னா வாயா வலிக்கும்?"

வலிக்கும்.

ஜூன் 20

நடுக்கோடை இரவில் கடற்கரையில் மூட்டும் ஸாங்க்ட் ஹான்ஸ் நெருப்பில் எரிக்கும் சூனியக்காரி பொம்மையை இந்த வருடம் எங்கள் வகுப்பு செய்கிறது. கூடப் படிக்கும் யெப்பே, தேவாலயத்தின் பழந்துணிப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து வந்திருந்தான். நான் பார்ப்பதற்குள் வைக்கோல் திணித்தாகிவிட்டது.

"டேய், இது வீபெகேயோடது."

முகம் வெளுத்துப்போனான். ஆசிரியர், "பழைய கோட்டு, அவ்வளவுதான். வேலையைப் பாருங்க" என்றார்.

தீ பட்டதும் பொம்மை அலற வேண்டும் என்பதற்காக வயிற்றில் ஊதல்வெடி வைப்பது வழக்கம். ஊரே சிரிக்கும். அந்த வேலை எனக்கு. நான் வைக்கவில்லை, கொடுத்த நான்கு வெடிகளையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவளை அலறவைத்துச் சிரிப்பீர்களா?

வைக்கோலுக்குள் விட்ட கை குளிரில் மரத்துப்போனது. ஜூன் மாதத்தில்!

ஜூன் 23

எழுதியே தீருவேன்.

கடற்கரையில் நெருப்புக்கு முன் ஹோல்கர்தான் பேசினார். "நம்ம ஊர்ல யாரும் யாரையும் கைவிடறதில்ல." கைதட்டல். கொளுத்தினார்கள்.

விறகு எரிந்தது. அவள் எரியவில்லை. தீ நாக்குகளுக்கு நடுவே மஞ்சள் கோட்டின்மேல் உறைபனி படர்ந்தது. பிறகு அலறினாள்.

சிரித்தார்கள். "இந்த வருஷம் ஊதல் பிரமாதம்டா!"

நான் நான்கையும் தூக்கிக் காட்டினேன். "ஊதல் இங்க இருக்கு! உள்ள ஒண்ணுமே இல்ல! இப்ப சிரிங்க பாப்போம்!"

ஒவ்வொரு வாயாக மூடியது. அப்புறம்தான் அந்தச் சத்தம் — இரும்புக் கதவை முஷ்டியால் குத்துவதுபோல — வைக்கோலுக்குள்ளிருந்து.

"ஹோல்கர், கதவைத் திறங்க. குளிருது."

அவள் குரல். அம்மா என் கையை நசுக்கிவிட்டாள். ஹோல்கர் அடிமேல் அடியாகப் பின்வாங்கி, முழங்கால் அளவு கடலில் போய் நின்றார்.

ஜூன் 24

நேற்று எல்லோரும் கேட்டது காற்றாம். ஈர விறகாம்.

ஜூலை 3

இல்லத்தில் என் அறைக்கு ஜன்னல் உண்டு; முழுதாகத் திறக்காது. மன்னிப்புக் கேட்கவில்லை.

போலீசுக்கு எழுதினேன். கைப்பிடி முன்பே உடைந்திருந்தது என்று அங்கே வேலை செய்யும் ஒருவராவது எழுதித் தந்தால் மறுபடி விசாரிப்பார்களாம்.

இன்று அம்மா ஸ்ட்ராபெரி கொண்டுவந்தாள். தாளையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தேன்.

"உன் வேலை போயிடும். எனக்குத் தெரியும்மா" என்றேன்.

அவள் பழங்களின் காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். எல்லாம் தீர்ந்த பிறகும் விரல்கள் நிற்கவில்லை.

"ஜனவரியிலயே உடைஞ்சிருந்துச்சுன்னு ஒரு வரி. எழுதும்மா."