பலகை இல்லாத அரிவாள்மணை

சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்,
1956 நவம்பர், திங்கட்கிழமை காலை

அன்பு மகள் ரெஜினாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். மனதுக்கும் சுகம் என்று எழுதினால் பொய்யாகும், உன்னிடம் பொய் எழுத எனக்கு வராது. லண்டனில் குளிர் தொடங்கியிருக்கும். நர்ஸ் படிப்புக்குப் போனவள் நீயே மார்ச்சளியோடு படுத்துவிடாதே, கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

அங்கே எழுத்தாளர்கள் தங்களுக்கென்று ஒரு சின்னம் வைத்துப் புத்தகத்தில் போட்டுக்கொள்கிறார்கள், உங்கள் முதல் கதைப் புத்தகத்துக்கும் ஒன்று செய்யுங்கள் அம்மா என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த ஆசையில்தான் வினை வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, கொஞ்சம் சொல்கிறேன்தான். டன்லப் தெருவில் சினிமா விளம்பரமும் கடைப் பலகையும் வரைகிற தனசேகரனிடம் போனேன். முதலில் தாமரை, பிறகு குத்துவிளக்கு, பிறகு வீணை என்று வரைந்து கொண்டுவந்தான். எனக்கும் வீணைக்கும் என்னப்பா சம்பந்தம், நான் கோயிலில் பாடினாலே பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள் என்று திருப்பி அனுப்பினேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. கடைசியில், "கதையெல்லாம் எப்பம்மா யோசிப்பீங்க?" என்று கேட்டான். காய் நறுக்கும்போதுதான் என்றேன். உடனே நம் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்து அரிவாள்மணையை வரைந்தான், அலகுக்குக் குறுக்கே ஒரு பேனா. பார்த்ததும் இது நான்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அச்சுக்காக நகத்தளவு சிறிதாக்கினால் அடியில் உள்ள பலகை வெறும் மசியாக அப்பிக்கொள்கிறதாம். "பலகை வேணாம்மா, அலகும் பேனாவும் போதும், பளிச்சுன்னு நிக்கும்" என்றான். நானும் தலையாட்டினேன். படத்தை அச்சுக்கட்டையாக, அதைத்தான் பிளாக் என்கிறார்கள், செய்து, அச்சகத்து முகைதீன் பாய் அட்டையைச் சிவப்பு மையில் அடித்தும் விட்டார்.

அட்டையைப் பார்த்த நம் ஆட்கள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. போன மாதக் கலவரத்துக்கும் ஊரடங்குக்கும் பிறகு கம்யூனிஸ்டுகளைத் தேடி அச்சகம் அச்சகமாகச் சோதித்து வந்த போலீஸாருக்குத்தான் தோன்றியது. வளைந்த அலகு, குறுக்கே தடியாக ஒன்று, சிவப்பு மை. அரிவாளும் சுத்தியலும் என்று சொல்லி அத்தனை அட்டைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தினமும் செபமாலை சொல்கிற நான் கம்யூனிஸ்டாம். சிரிக்க வேண்டிய விஷயம், சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். அதில் ஒருவர் தமிழர். என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "எங்க வீட்லயும் இதுலதாம்மா நறுக்குறாங்க, ஆனா நான் சொன்னா எங்க வெள்ளக்காரத் தொரை கேக்க மாட்டாரு" என்றார். அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பவர் வீட்டிலிருந்து இப்படி ஒரு புத்தகமா என்று கேட்டு, திங்கட்கிழமை அப்பாவை விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சொல்லும் பதில் துரைக்குப் பிடிக்கவில்லை என்றால் வேலை போய்விடும், அதோடு பென்ஷனும் போகும்.

அன்றைக்கு அப்பா போட்ட சத்தம் பஃபலோ ரோடு வரை கேட்டிருக்கும். "புஸ்தகமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், அந்த பிளாக்க ரோச்சோர் கால்வாயில வீசிட்டு, தப்புதான்னு எழுதிக் கொடு" என்றார். செய்யாத தப்பை எழுதித் தரமாட்டேன், காய் நறுக்குவது குற்றமென்றால் நீங்கள் தின்றதும் குற்றம்தான் என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். தனசேகரன் ஓடி வந்தான், பலகையைச் சேர்த்து வேறு பிளாக் செய்து தருகிறேன் ஐயா என்றான். அப்பா அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே இல்லை. நேற்றுப் பூசைக்குக்கூடத் தனித்தனியாகத்தான் போனோம். என் கதை ஒன்றையாவது கடைசிவரை படித்த மனிதரா, அவருக்கு எப்படிப் புரியும் என்று மனதுக்குள் கருவிக்கொண்டே இருந்தேன். இன்று காலை டை கட்டிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார். அந்தக் கோபத்தில்தான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுச் சமைக்கப் போனேன் ரெஜினா. அரிவாள்மணையைக் காணவில்லை. கூடையில் இருந்த கத்திரிக்காயிலும் இரண்டு குறைகிறது. வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அன்னம்மா மூச்சிரைக்க வந்தாள். "அண்ணன் இன்னும் பஸ் ஸ்டாப்புலதான் நிக்கிறாரு அக்கா, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுட்டாரு, துண்டுல என்னமோ சுத்தி அக்குள்ல வச்சிருக்காரு, அலகு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, இந்த நேரத்துல மாத்தா, போலீஸ்காரன் பார்த்தா புடிச்சிருவான் லா" என்றாள். கூச்ச சுபாவம் உள்ள மனிதர், கல்யாண வீட்டில்கூடத் தரையில் உட்கார வெட்கப்படுகிறவர், துரை முன்னால் கால்சட்டையோடு உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக் காட்டப் போயிருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பஸ் போய்விட்டது. நேற்றுவரை சின்னத்தை விடவே மாட்டேன் என்று நின்றவள் நான். இப்போது எனக்குச் சின்னமும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம், அவர் முழுசாக வீடு வந்து சேர்ந்தால் போதும். அதை அவரிடம் போய்ச் சொல்லலாம் என்றால் எந்தக் கட்டடத்துக்கு வரச் சொன்னார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. பேசாமல் இருந்ததில் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், படிப்பு நல்லபடியாக முடியட்டும். பட்டினியாகப் படுக்காதே. இது உன் கைக்கு வரும்போது இங்கே நல்லதோ கெட்டதோ நடந்து முடிந்திருக்கும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் படித்த கையோடு அப்பாவுக்காக ஒரு செபமாலை சொல்லம்மா.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பிலோமினம்மாள்