சிவப்பு அட்டை கழற்றப்பட்ட எலிக்கூண்டு

அனுப்புநர்:
முன்னாள் ஆய்வாளர்,
நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுப் பிரிவு.

பெறுநர்:
தலைவர்,
மனிதப் பரிசோதனை அனுமதிக் குழு.

பொருள்: நுரையீரல் தொற்றுக்கான புதிய தடுப்பூசியைச் செவிலியர்களுக்குப் போடுவதை நிறுத்தவும், துறைத்தலைவரையும் அவர் மருமகனையும் விசாரிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கிருமி உள்ளே நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு விழுங்கும்படி இந்தத் தடுப்பூசி பழக்குமா என்று, எலிகளுக்கு ஊசி போட்டு, பிறகு அந்தக் கிருமியைச் செலுத்திச் சோதித்தவள் நான். கூண்டு அடுக்கின் கீழ்த்தட்டில் இருந்த எலிகள் ஒன்றையொன்று கடித்துப் புண்ணாக்கிக்கொண்டதால், விலங்கு மருத்துவர் அவற்றின் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் கலந்தார். மருந்து குடித்த எலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்காகக் கூண்டில் சிவப்பு அட்டை மாட்டுவது எங்கள் வழக்கம். நானும் மாட்டினேன்.

2. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போனேன். திரும்புவதற்குள் என் ஆய்வு, ஆய்வகமே ‘மாப்பிள்ளை’ என்றழைக்கும் அந்த மருமகனுடையதாகிவிட்டது. என் பெயரையும் சேர்க்கச் சொன்னதற்குத் துறைத்தலைவர், “எலிக்குத் தண்ணி வச்சவங்க பேரையெல்லாம் கட்டுரையில போட முடியுமாம்மா?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். மாப்பிள்ளை சிரித்தார். மறுவாரம் எனக்கு வேலை போயிற்று.

3. கட்டுரையில் அச்சான படத்தைப் பிறகுதான் பார்த்தேன். அதில் துள்ளி விளையாடுபவை கீழ்த்தட்டு எலிகள். அட்டை படத்தின் அழகைக் கெடுக்கிறதென்று மாப்பிள்ளை கழற்றச் சொன்னதாகப் படமெடுத்தவரே கூறினார். அது எதற்கான அட்டை என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. யாரையாவது கேட்டால் கௌரவம் குறைந்துவிடும். அந்த எலிகளைக் காப்பாற்றியது தண்ணீரில் இருந்த மருந்து. ஊசி மட்டும் போட்டுக்கொண்ட மேல்தட்டு எலிகள் அத்தனையும் செத்தன. குளிர்சாதனக் கோளாறால் செத்தவை என்று சொல்லி அவற்றைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள்.

4. நெஞ்சுநோய் வார்டில் செவிலியராக இருக்கும் என் அக்கா, தங்கை கண்டுபிடித்த ஊசி என்ற பெருமையில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். ஊசி போட்டுக்கொண்டவர்களைத் தொற்று முற்றிய நோயாளிகளிடம் பணிக்கு அனுப்பப்போகிறார்கள். நான் தலைபாடாக அடித்துக்கொண்டும், “பேரு போடலைங்கற வயித்தெரிச்சல்ல பேசறே” என்கிறார். வயிற்றெரிச்சல்தான் ஐயா. அதற்காக, செத்த எலி பிழைத்துவிடாது.

5. தனிப்பட்ட விரோதம் ஏதுமில்லை என்று எழுதுவது மனு எழுதுவோர் வழக்கம். எனக்கு விரோதம் உண்டு. இருவரும் தலைகுனிந்து நிற்பதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

ஆகவே, மருந்து கலக்காத தண்ணீர் வைத்து, தங்கள் குழுவின் கண்ணெதிரே அவர்கள் அந்தச் சோதனையை மறுபடி செய்ய உத்தரவிடுமாறும், அங்கே எனக்கும் ஒரு நாற்காலி போடுமாறும் வேண்டுகிறேன். அவர்கள் மறுத்தால், பட்டியலில் என் அக்காவின் பெயரை அடித்துவிட்டு மாப்பிள்ளையின் பெயரை எழுதி, ஊசி போட்ட கையோடு அவரை அந்த வார்டுக்கே அனுப்பிவைக்குமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆய்வகத்துக்கு எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடை
நாள்: ஊசி போடத் தொடங்கும் வாரத்துக்கு முந்தைய வெள்ளி

தங்கள் பதிலுக்கு வாசலிலேயே காத்திருக்கும்,
(ஒப்பம்)