மூணு தடவை ஓட்டிப் பார்த்த ரத்தம்

வாயாடிக்கு,

அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. ரெண்டு முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். ஜூஸ் வேண்டாம். உங்கக்கா ஒன்பது மணிக்கு வருவாங்க, அவங்களோடயே டாக்டர்கிட்ட போ. சாவி செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு.

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சான்னு நீ கேட்டப்ப, இன்னும் வரலன்னு சொன்னேன்ல, அது பொய். மத்தியானமே வந்துடுச்சு. எங்க லேபுல உன் ரத்தத்தை மெஷின்ல போட்டு ஓட்டினதே நான்தான். குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்ததுல சர்க்கரை 171. அவ்வளவு இருக்கக் கூடாது. மெஷின்தான் தப்பா காட்டுதுன்னு மறுபடி ஓட்டினேன், 172. மூணாவது தடவையும் அதேதான். அப்புறம் என் கையிலயே குத்தி என் ரத்தத்தையும் போட்டுப் பாத்தேன். 94. மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல.

தினம் எத்தனை பேருக்கு “பயப்படாதீங்கம்மா, சாப்பாட்டுலயே சரி பண்ணிடலாம்”னு சொல்ற வாய் இது. உன்கிட்ட சொல்ல வரல. உன் வயித்துல இருக்குற குழந்தை என்ன பாடு படுதோ.

டாக்டருக்கு முன்னாடி நான் சொல்லக் கூடாது. அதனால அவங்க சொல்றப்ப புதுசா கேக்குற மாதிரி கேட்டுக்கோ.

சர்க்கரை டப்பாவைத் தேடாத. என் பையில இருக்கு.

இன்னொண்ணு. “கட்டின பொண்டாட்டிக்கு ஊசி குத்த வேற ஆளைக் கூப்பிடணுமா, அவ்வளவு பிசியா”ன்னு நேத்துலருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. பிசி இல்லடி. ஊசியக் கையில எடுத்தேன், உன் கையில குத்த முடியாம திருப்பி வச்சுட்டேன்.