நடுவர் வெண்ணிநங்கையார்க்கு இடவேண்டிய உணவு குறித்துக் கூடற்பாறைக்கு விடுத்த ஓலை

மழை தன் பருவத்தே பொழிக, ஏரி நிறைக, எவ்வூர் வழக்கும் அறத்தின் பக்கமே தீர்க. மாதோணி நாடாளும் செங்கோல் வேந்தர் திருமுடிக்காரியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் தலைமை அமைச்சன் பூதன் நற்சேந்தன் பொழில்மாநகரிலிருந்து விடுக்கும் ஓலை. மேற்கு மலைவாயில் காவலரும், விருந்தினர்க்கு வாயில் அடையாக் குடியில் தோன்றியவரும், கூடற்பாறைக் கோட்டத்துத் தலைவருமாகிய வேள் ஆதன் மாவண்ணனார் கண்டுகொள்க. உமது கோட்டமும், மனையாரும், மக்களும், ஆநிரையும் நலமே பெறுக.

வரும் ஆவணித் திங்கள் வளர்பிறையில், அறங்கூறவையத்துத் தலைமை நடுவர் வெண்ணிநங்கையார் உமது கோட்டத்துக்கு எழுந்தருளி, உம் இரண்டு ஊரார்க்கு நடுவே மூன்றாண்டாய்க் கிடக்கும் மேய்ச்சல் நில வழக்கைக் கேட்பார். அவருக்கு இடவேண்டிய உணவைப் பற்றியதே இவ்வோலை. ஒருவர் உண்ணும் உணவுக்கு அரச முத்திரை பொறித்த ஓலையா என்று நீர் வியக்கலாம். நடந்ததை முழுதும் அறிந்தால் உம் வியப்பு வேறு பக்கம் திரும்பும். இதை அவர் இசைவோடே எழுதுகிறோம். மறைக்க வேண்டாம் என்பது அவர் சொல்.

வெண்ணிநங்கையார்க்கு அகவை ஐம்பது. இருபத்திரண்டு ஆண்டுகளாக நடுவர் இருக்கையில் இருப்பவர். ஒருமுறை கேட்ட சாட்சியை ஓர் எழுத்துப் பிசகாமல் பத்தாண்டு கழித்தும் சொல்ல வல்லவர். அத்தகையவரின் உடல் ஆண்டுக்காண்டு பெருத்து, நான்கு பேர் சுமந்த பல்லக்கை எட்டுப் பேரும் பின்னர்ப் பன்னிருவரும் சுமக்க வேண்டியதாயிற்று. முழங்கால் வீங்கிற்று, பத்தடி நடந்தால் மூச்சு இரைத்தது. குரவமலைக் கணவாயில் ஒருநாள் பல்லக்குச் சுமந்தவருள் ஒருவர் கால் இடறி விழ, பாரமெல்லாம் அவர்மேல் சாய்ந்து தொடையெலும்பு முறிந்தது. நங்கையார் அன்றே பல்லக்கைத் திருப்பச் சொன்னார். அதன்பின் அவர் மலை ஏறவில்லை.

நான்காண்டு மலையூர்களில் நீதி அவை கூடவில்லை. குரவமலையில் மேலைக்குடியாரும் கீழைக்குடியாரும் ஒரு சுனைநீருக்காகப் பூசலிட்டுக் கொண்டிருந்தனர். கேட்பாரின்றிப் பூசல் முற்றி, கீழைக்குடி ஆடவர் ஒருவரின் கை வெட்டுண்டது. அச்செய்தி வந்த அன்று, வேறொரு நடுவரை அமர்த்தும் ஓலையை எழுதிக்கொண்டு அவர் மனைக்கு யாமே சென்றோம். அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். எழுத்துப் பிழை ஒன்றைச் சுட்டினார். பிறகு, ஓராண்டு தவணை தருமாறும், அதற்குள் தாம் மலை ஏறாவிடில் அவ்வோலையில் தம் கையாலேயே ஒப்பமிடுவதாகவும் கூறினார்.

மறுநாள் அறுவையில் வல்ல சல்லிய மருத்துவர் கீரன் தாயனாரை அழைப்பித்தார். பத்தியமும் கஷாயமும் பலமுறை பார்த்துத் தோற்றவர் ஆதலின், இரைப்பையை அறுத்துக் குறைக்கும் மருத்துவம் ஒன்றே எஞ்சியிருந்தது. பரங்கிக்காய் போன்ற பையை ஒரு வாழைப்பழ அளவினதாக ஆக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். பிழைப்போமா என்று பிறர் கேட்கும் இடத்தில், எத்தனை திங்களில் மலை ஏறலாம் என்று நங்கையார் கேட்டாராம்.

“அம்மையீர், என் கத்தி பாதி வேலையைத்தான் செய்யும்,” என்றார் மருத்துவர். “மீதியை நீர் செய்ய வேண்டும், அதுவும் ஒவ்வொரு வேளையும், வாழ்நாள் முழுதும்.”

மயக்க மருந்தின் துணையால் அறுவை நலமே முடிந்தது. முதல் இரு வாரங்கள் பயற்று வடிநீரும், தெளிந்த மோரும், எலும்புச் சாறும் ஒவ்வொரு கரண்டியாக உள்ளே சென்றன. ஒரு குவளையைக் குடித்து முடிக்க இரண்டு நாழிகை ஆயிற்று. பின்பு குழைத்த பருப்பு. பின்பு மசித்த முட்டை. பின்பு முள் நீக்கி அவித்த மீன். கைப்பிடியளவு கிண்ணம் ஒன்றே அவருக்கு உண்கலம் ஆயிற்று. பயறு, முட்டை, மீன், தயிர் இவற்றுள் ஒன்றை முதலில் உண்பார், இடமிருந்தால் காய், அதன்பிறகும் இடமிருந்தால் இரண்டு வாய்ச் சோறு. கூழாகும்வரை மெல்லுவார். உணவோடு நீர் அருந்தமாட்டார். உண்டு ஒரு நாழிகை சென்றபின்னரே மிடறு மிடறாக அருந்துவார். போதும் என்று வயிறு சொன்ன கணத்தில் பாதிக் கவளமானாலும் கையை எடுத்துவிடுவார்.

பசியை வெல்வது கடினமாக இருக்கவில்லை என்று அவர் எம்மிடம் சொன்னதுண்டு. கடினமானது கைப்பழக்கம். வழக்கோலை படிக்கும்போது இடக்கை தானே நீண்டு முறுக்குச் சாடியைத் துழாவும். நான்காம் திங்களில் ஒருநாள் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. அன்று மட்டும் அவர் அவைக்கு வரவில்லை. மறுநாள் முக்காடிட்டு வந்து அமர்ந்தார்.

அவர் மனையின் உணவுச் சரக்கறையாகிய உக்கிராணத்தை உமக்குத் தெரியும். அதன் புகழ் கூடற்பாறைவரை எட்டியதே. அதைப் பதினெட்டு ஆண்டுகளாக ஆண்டுவரும் கொற்றி என்னும் மடைப்பள்ளியாள், நெய்ச் சாடிகளும் பாகுப் பானைகளும் அதிரசக் கூடைகளும் வெளியேறக் கண்டு, வாயிலில் அமர்ந்து அழுதாள்.

“இனி எனக்கு இங்க என்ன வேலை, தாயே? கிண்ணத்துல நாலு பயறு போட ஒரு ஆளு எதுக்கு?” என்று கேட்டாள்.

“நூறு பேருக்குச் சமைக்க நாட்டுல பல பேர் இருக்காங்க, கொற்றி,” என்றார் நங்கையார். “நாலு வாயில ஒருத்திய உயிரோட வெச்சிருக்கணும். அதை உன்னை விட்டா யாரு செய்வா?”

கொற்றி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இனிப்பும் பொரித்த பண்டங்களும் மனையிலிருந்து அற்றுப்போகவில்லை. எழுத்தர்களும் காவலர்களும் உண்ணும் புறமடைப்பள்ளிக்கு மாறின. நங்கையாரின் கைக்கெட்டும் தட்டுகளில் முளைகட்டிய பச்சைப்பயறும், வறுத்த கடலையும், உளுந்தும், கொள்ளும் நிறைந்தன. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்து, சீரகமும் உப்பும் சேர்த்துக் கெட்டியாக வைத்தாள். பயற்றை அரைத்து உள்ளங்கை அகலத்தில் மெல்லடை வார்த்தாள். அயிரைமீனை எண்ணெயின்றிப் புளியிலையில் அவித்தாள். பொழுது தப்பினாலும் வேளை தப்பாதிருக்கப் பருப்புப்பொடியையும் முருங்கையிலைப் பொடியையும் சிறு குடுவைகளில் அடைத்து, நங்கையாரின் பயணப் பையிலும், அவையத்து இருக்கையின் கீழும், எழுத்தர் பெட்டியிலும் ஒவ்வொன்று வைத்தாள். வாரந்தோறும் குடுவைகளைத் தானே பார்த்துக் குறைந்ததை நிரப்புவாள். நூறு இலைக்கு விருந்து சமைத்த காலத்தில்கூட அவள் அவ்வளவு கருத்தாயிருந்து யாம் கண்டதில்லை.

எட்டாம் திங்களில் வெண்ணிநங்கையார் குரவமலை ஏறினார். பல்லக்கு இல்லை, ஒரு கைக்கோலும் கொற்றியும் மட்டும். பன்னிரண்டு இடத்தில் அமர்ந்து அமர்ந்து, உச்சிப்பொழுதுக்குமுன் ஊரை அடைந்தார். யாம் பின்னே குதிரைமேல் சென்றோம். பாதி வழியில் நாணி இறங்கி நடந்தோம்.

ஆங்கே ஒரு வழக்கம் உண்டு. நடுவர் இரு தரப்பாரிடமும் தேனும் தினைமாவும் வாங்கி உண்டபின்னரே வழக்கு தொடங்கும். மேலைக்குடித் தலைவி வேரி என்பாள் இலைநிறையக் கொணர்ந்து நீட்டினாள். கொற்றி குறுக்கே வந்து, அம்மையார்க்கு இனிப்பு ஆகாது என்றாள்.

“எங்க கையால வாங்கித் தின்னாதவங்க எங்களுக்கு நியாயம் சொல்லக் கூடாது. அது எங்க மலை வழக்கம்,” என்றாள் வேரி.

நங்கையார் கொற்றியை விலக்கிவிட்டு இரண்டு விரலால் கிள்ளி வாயிலிட்டார். பின்னும் ஒருமுறை கிள்ளி உண்டார். கால் நாழிகை செல்லவில்லை. முகம் வெளுத்தது, உடலெல்லாம் வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. இருந்த இடத்திலேயே சாய்ந்தார். மேலைக்குடியார் நஞ்சிட்டுவிட்டனர் என்று கீழைக்குடிப் பக்கத்திலிருந்து குரல் எழுந்தது. அரிவாள்கள் இடையிலிருந்து கைக்கு வந்தன. எம்முடன் வந்த காவலர் அறுவர். ஆங்கே நின்றவர் இருநூற்றுவர். இரண்டு ஊரும் அன்று அழியும் என்றே எண்ணினோம்.

நங்கையார் கொற்றியின் தோளைப் பற்றி எழுந்து அமர்ந்தார். குரல் மெல்லியதாகவே வந்தது. ஆயினும் அவர் பேசத் தொடங்கியதும் கூட்டம் அடங்கிற்று. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்.

“யாரும் யாரையும் தொடாதீங்க. இந்த ஊரு மாவுல ஒரு குத்தமும் இல்ல. எட்டு மாசத்துக்கு முன்னால மருத்துவர் என் இரைப்பையை அறுத்துச் சின்னதாக்கினாரு. இந்த மலை ஏறணும்னுதான் அதைச் செஞ்சுக்கிட்டேன். அப்படி அறுத்த வயித்துக்குத் தேன் ஆகாது, மயக்கம் வரும்னு எனக்குத் தெரியும். வெளியில சொல்ல வெக்கப்பட்டு வாங்கித் தின்னேன். என் வெக்கத்தால இப்ப உங்க கையில அரிவாள் வந்திருக்கு. அந்தத் தப்பு என்னுது.”

வேரிதான் முதலில் அசைந்தாள். அருகில் வந்து குந்தி, எது ஆகும் என்று கேட்டாள். அவித்த கொள்ளு ஆகும் என்றாள் கொற்றி. மேலைக்குடியிலிருந்து ஒரு கரண்டி, கீழைக்குடியிலிருந்து ஒரு கரண்டி. இரண்டும் கொற்றி வைத்திருந்த கிண்ணத்தில் விழுந்தன. படபடப்பு அடங்கியபின் நங்கையார் அதை மென்று மென்று உண்டார். அவர் உண்டு முடிக்கும்வரை இருநூறு பேரும் அரிவாளைத் தரையில் வைத்துக் காத்திருந்தனர். அன்று மாலைக்குள் சுனைநீர் நாள்முறையாகப் பகுக்கப்பட்டது. கை இழந்தவர்க்கு மேலைக்குடியார் உழுது கொடுப்பது என்றும் தீர்ந்தது. இன்றளவும் அத்தீர்ப்பு மீறப்படவில்லை.

அரியணைகளையும் போர்க்களங்களையும் நெடுங்காலம் கண்டவன் யான். ஆயினும், தம் உடலின் குறையை இருநூறு பேர் முன் கூசாமல் சொல்லி இரண்டு ஊரைக் காத்த நெஞ்சுரத்தை வேறெங்கும் கண்டிலேன். அவரை விலக்க ஓலை எழுதியவன் யான் என்பதையும் இங்கே மறைக்கவில்லை.

ஆகவே வேந்தர் ஆணை இது. உமது மனை உக்கிராணத்திலும், வழியிலுள்ள மூன்று சத்திரங்களிலும் பயறு, கொள்ளு, கடலை, முட்டை, அன்றன்று உறைந்த தயிர், ஆற்றுமீன் ஆகியன குறைவின்றி இருக்கச் செய்க. அடுப்புகளில் ஒன்றைக் கொற்றிக்கு ஒழித்துக் கொடுக்க. அவள் சொல்லே அவ்வடுப்பில் செல்லும். வழக்கு எத்துணை நீண்டாலும் அவர் வேளை வந்ததும் அவை கலைக. மருத்துவர் சொற்படி காலைதோறும் அவர் உட்கொள்ளும் சத்துச் சூரணத்துக்கு வெந்நீர் தருக. இன்னும் ஒரு வாய் என்று ஒருவரும் வற்புறுத்தலாகாது. எவ்வளவு இளைத்துவிட்டீர் என்று வியப்பதும், என்ன உண்கிறீர் என்று கிண்ணத்தை எட்டிப் பார்ப்பதும் வேண்டா. உமது விருந்தோம்பலின் பெருமையை இம்முறை உம் பொறுமையால் காட்டுக.

நங்கையார் தம் பங்காக ஒன்று சேர்க்கச் சொன்னார்: தம்பொருட்டுப் பந்தியில் எவர் இலையும் சுருங்கலாகாது, உம் மனையாரின் நெய்ப்பொங்கல் மணம் தமக்கு மிகவும் பிடிக்கும், மணத்துக்கு வயிற்றில் இடம் வேண்டியதில்லை.

பொழில்மாநகரில், ஆடித் திங்கள் பதினேழாம் நாள், வேந்தர் திருமுன் படித்துக்காட்டி, இரட்டைக் கயல் முத்திரை இட்டோம். படித்தபின் இவ்வோலையை மடைப்பள்ளியார் அனைவரும் கேட்க உரக்க வாசிக்கச் செய்க. இதனைக் கொண்டுவரும் தூதன் சாத்தனுக்கு எந்தப் பத்தியமும் இல்லை. மூன்று நாள் நடந்து வந்திருப்பான். முதலில் அவனுக்கு இலை போடுக.